சாக்லேட் பிரியர்களே... வண்டியை வில்லிபுத்தூருக்கு விடுங்க!

இன்டர்னல்ஸ் முடிஞ்சாச்சு, ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கியாச்சு, ரெண்டு நாள் லீவு கையில இருக்கு. இந்த நேரத்துல நம்ம பயலுக வாயில இருந்து வர்ற முதல் ஊர் பேரு என்ன? கொடைக்கானல்! அங்க போய் என்னடா பண்ணுவீங்கன்னு கேட்டா, பாதிப் பேரு ஏரியைச் சொல்லுவான். மீதிப் பேரு, குறிப்பா நம்ம கிளாஸ் பொண்ணுங்க, ஒரே குரல்ல சொல்ற பதில், 'ஹோம்மேட் சாக்லேட்!'

சாக்லேட்டுக்காகவே ஊருக்குப் போற அந்தக் கூட்டத்துக்குத்தான் இந்தக் கட்டுரை. மதுரையில இருந்து எழுபத்தஞ்சு கிலோமீட்டர்ல, மலை ஏறாம, ஸ்வெட்டர் எடுக்காம, வாந்தி மாத்திரை போடாம போய்ச் சேர்ற ஒரு ஊரு இருக்கு. அந்த ஊர்ல சாக்லேட் கிடையாது. ஆனா சாக்லேட்ல உங்களுக்குப் பிடிச்ச பாதி சமாச்சாரம் அங்கதான் இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்!

'பால்கோவாவா? அதான் மாட்டுத்தாவணியிலயே விக்கிறாய்ங்களே!' என்று உதட்டைப் பிதுக்காதீங்க பாஸ். முழுசா படிச்சிட்டு அப்புறம் பிதுக்குங்க.

கொடைக்கானல் ஏன் இல்லை?

கொடைக்கானல் மேல நமக்கு எந்தக் கோபமும் கிடையாது. ஆனா சில உண்மைகளைச் சொல்லித்தான் ஆகணும். 2024 மே மாதத்தில் இருந்து சொந்த வண்டியில கொடைக்கானல் போகணும்னா இ-பாஸ் எடுக்கணும். வாரக் கடைசியில மலைப்பாதையில வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்ந்து போறதைப் பார்த்தவங்களுக்கு, இது ஏன் வந்துச்சுன்னு சொல்ல வேண்டியதில்லை.

ரெண்டாவது, சாக்லேட்டோட மூலப்பொருளான கோகோ கொடைக்கானல்ல விளையறது இல்லை. கோகோ மரத்துக்கு வெக்கையும் வேணும், ஈரமும் வேணும். குளிர் ஆகாது. நம்ம மாநிலத்துல அது பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள்ள ஊடுபயிரா நிக்குது. கொடைக்கானல் கடைகள்ல நாம வாங்குற ஹோம்மேட் சாக்லேட்ல பெரும்பாலானது, வெளியில இருந்து வர்ற சாக்லேட் பாளத்தை உருக்கி, முந்திரி, பாதாம், திராட்சை போட்டு அச்சுல ஊத்துறது. ருசி அருமை, சந்தேகமே இல்லை. மலை அதுக்குக் கொடுக்கிறது முக்கியமா ஒண்ணைத்தான்: குளிர்! ஏன்னா சாக்லேட்டுல இருக்கிற கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியிலயே உருகிடும். நம்ம உடம்புச் சூடு 37. அதனாலதான் வாயில வெச்சதும் கரையுது. மதுரை வெயிலோ சித்திரையில 40 டிகிரி! வத்தலக்குண்டு தாண்டி இறங்கி வர்றதுக்குள்ள உங்க பையில இருக்கிற சாக்லேட், தங்கச்சிக்குக் கொடுக்கிற நிலைமையில இருக்காது. ஸ்பூன் வெச்சு வழிக்கணும்.

நம்ம சமவெளிக்காரங்க வெயிலுக்குத் தோதா வேற வழி கண்டுபிடிச்சாங்க. அதைத்தான் பார்க்கப் போறோம்.

சாக்லேட்டும் கோவாவும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி!

கொஞ்சம் ஹிஸ்டரி, கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, மார்க் கிடையாது.

சாக்லேட்டுக்கு ஜென்ம விரோதி தண்ணி. உருகின சாக்லேட்ல நாலு சொட்டுத் தண்ணி பட்டாப் போதும், மொத்தமும் திரிஞ்சு கட்டி கட்டியா ஆயிடும். பாலில் 87 சதவீதம் தண்ணிதான். அப்போ சாக்லேட்டுக்குள்ள பாலை எப்படி நுழைக்கிறது? சுவிட்சர்லாந்தில் வெவே என்ற ஊர்ல இருந்த டேனியல் பீட்டர் இதுக்காக வருஷக்கணக்குல மண்டையை உடைச்சுக்கிட்டார். 1875-ல் அவர் கண்டுபிடிச்ச வழி, பாலைச் சுண்ட வெச்ச கெட்டிப்பால். மில்க் சாக்லேட் பொறந்தது அப்படித்தான்.

இன்னும் சுவாரஸ்யம், பிரிட்டன் ஸ்டைல் மில்க் சாக்லேட். அதுல பாலையும் சர்க்கரையையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சுறாங்க. அது கூட கோகோவைக் கலந்து, காய வெச்சு, பொலபொலன்னு ஒரு தூளாக்குறாங்க. அதுல இருந்துதான் சாக்லேட். கோகோவை மட்டும் கழிச்சிட்டு அந்த செய்முறையை இன்னொரு தடவை படிங்க. பால், சர்க்கரை, சுண்டக் காய்ச்சு! இதைத்தானே வில்லிபுத்தூர்ல பண்றாங்க?

ஆக, 'எனக்கு டார்க் சாக்லேட்தான் பிடிக்கும்' என்று சொல்ற ஒரு சிலரை விட்டுடுவோம். மில்க் சாக்லேட் பிரியர்கள் அத்தனை பேரும், தெரிஞ்சோ தெரியாமலோ, சுண்டின பாலோட ரசிகர்கள்தான். அப்புறம் என்ன, ரசிகர் மன்றத்தோட தலைமைச் செயலகத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான்!

எப்படிப் போறது?

மாட்டுத்தாவணியில ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை பஸ் எதுல ஏறினாலும் சரி. திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர். ரெண்டு மணி நேரம் வெச்சுக்கங்க. ரயில் பிரியர்களுக்கு மதுரை - செங்கோட்டை வண்டி இருக்கு. விருதுநகர், சிவகாசி வழியா சுத்திக்கிட்டு போகும். ஆனா ஜன்னல் சீட் கிடைச்சா, சுத்துறதே சுகம்.

பஸ்ல போறவங்க வலது பக்கம் உட்காருங்க. கல்லுப்பட்டி தாண்டினதும் கரிசலும் கருவேல மரமுமா இருக்கிற காடு கொஞ்சம் கொஞ்சமா பச்சையாகும். தூரத்துல நீலமா ஒரு கோடு தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை! இந்த மலையையும் மழையையும் மனசுல வெச்சுக்கங்க. பால்கோவா கதையில இதுக்கும் ஒரு ரோல் இருக்கு.

நாங்க ஆறு பேர். அதுல ஒருத்தன் வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமம். 'எங்க ஊருக்கு டூராடா வர்றீங்க?' என்று மூணு வருஷமா கேலி பண்ணிக்கிட்டு இருந்தவன்தான் எங்களுக்கு கைடு.

சட்டி முன்னாடி ஒரு மணி நேரம்

பஸ் ஸ்டாண்டுல இறங்கினதுமே தெரிஞ்சிடும், இது எந்த ஊருன்னு. வரிசையா பால்கோவா போர்டுகள். பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கத்தோட கடையும் இருக்கு, தனியார் கடைகளும் இருக்கு. சின்னக் கடைகள் சிலதுல பின்னாடியே அடுப்பு. 'அண்ணே, காலேஜ் பசங்க, பார்த்துட்டுப் போறோம்' என்று நாங்க கேட்டதும் ஒரு அண்ணாச்சி, 'உள்ள வாங்க, ஆனா சூடு தாங்கணும்' என்றார்.

சும்மா சொல்லலை. வெளியில வெயில்னா உள்ள அடுப்பு. ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போல பெரிய இரும்புச் சட்டி. கீழே விறகு. சட்டிக்கு முன்னாடி ஒருத்தர் நீளமான துடுப்பை வெச்சுக்கிட்டு கிண்டிக்கிட்டே இருக்கார். நிறுத்தவே கூடாது. ஒரு நிமிஷம் கை ஓய்ஞ்சா அடி பிடிச்சிடும். அடி பிடிச்சா அந்தச் சட்டி மொத்தமும் போச்சு.

செய்முறையைக் கேட்டால் சிரிப்பு வரும், அவ்வளவு சிம்பிள். பால், சர்க்கரை. முடிஞ்சது! 10 லிட்டர் பாலுக்கு ஒண்ணேகால் கிலோவில் இருந்து ஒண்ணரை கிலோ வரை சர்க்கரை. மாவு கிடையாது, எசன்ஸ் கிடையாது, கலர் கிடையாது. கடைசியில மூணு, மூணேகால் கிலோ கோவா கிடைக்கும்.

நம்ம எஞ்சினீயரிங் மூளை சும்மா இருக்குமா? அங்கேயே பஸ் டிக்கெட்டுக்குப் பின்னாடி மாஸ் பேலன்ஸ் போட்டோம். 10 லிட்டர் பால் ஏறக்குறைய 10.3 கிலோ. அதுல கொழுப்பு, புரதம், பால் சர்க்கரை எல்லாம் சேர்த்து கெட்டிப் பொருள் 1.3 கிலோதான். மீதி 9 கிலோ தண்ணி. கோவாவுல கொஞ்சம் ஈரம் இருக்கும், அதைக் கழிச்சா சுமார் 8 கிலோ தண்ணியை ஆவியாக்கி வெளியே அனுப்பணும். தெர்மோ கிளாஸ்ல தூங்காதவங்களுக்குத் தெரியும், ஒரு கிலோ தண்ணியை ஆவியாக்க 2,260 கிலோ ஜூல். பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுபோற சூட்டையும் சேர்த்தா மொத்தம் சுமார் 21,000 கிலோ ஜூல். மின்சாரக் கணக்குல 6 யூனிட் கிட்ட வருது. உங்க ஹாஸ்டல் ஃபேன் மூணு நாள் ராத்திரி பகலா ஓடுற கரண்ட்! இது வெறும் பாலுக்குள்ள போற சூடு மட்டும். விறகடுப்புல பாதிக்கு மேல காத்துக்கும், சுவருக்கும், கிண்டுற மனுஷனுக்கும்தானே போகுது.

கிண்டுற அண்ணன்கிட்ட இந்தக் கணக்கைப் பெருமையா காட்டினோம். துடுப்பை நிறுத்தாமலே பார்த்தார். 'தம்பி, நீங்க ஜூல்ங்கறீங்க, நாங்க வேர்வைங்கறோம்' என்றார். ஃபுல் மார்க் அவருக்குத்தான்!

கடைசி அரை மணி நேரம்தான் க்ளைமாக்ஸ். வெள்ளையா இருந்த பால் மெள்ள சந்தன நிறத்துக்கு வருது. பாலில் இருக்கிற புரதமும் பால் சர்க்கரையும் சூட்டுல சேர்ந்து பண்ற வேலை இது. மெயிலார்டு வினைன்னு பேரு. தோசை ஓரம் முறுகுறதுல, ரொட்டி மேல் பக்கம் பழுப்பா ஆகுறதுல, அந்த பிரிட்டன் சாக்லேட்டோட ருசியிலகூட இதே வினைதான். அப்புறம் குருணை குருணையா பிரிஞ்சு, ஓரத்துல நெய் பளபளன்னு கசியுது. அப்போ சட்டியை இறக்கிடுறாங்க.

இளஞ்சூட்டுல, இலைத் துண்டுல வெச்சு ஒரு கரண்டி கொடுத்தார் அண்ணாச்சி. எழுதி வர்ணிக்க முயற்சி பண்ணினேன், வேலைக்கு ஆகலை. எங்க கேங்ல சுவிஸ் சாக்லேட் தவிர வேற எதையும் மதிக்காத ஒருத்தி இருக்கா. அவ அதைச் சாப்பிட்டு ஒரு நிமிஷம் பேசலை. அவ ஒரு நிமிஷம் பேசாம இருந்தது காலேஜ்ல சேர்ந்ததுக்கு அப்புறம் அதான் முதல் தடவை!

ஒரிஜினலா, டூப்பா?

'இதையா மாட்டுத்தாவணியில விக்கிறாய்ங்க?' இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. அந்தந்த ஊரோட மண்ணும், தண்ணியும், கைப்பக்குவமும் சேர்ந்து ஒரு பொருளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தா, அந்தப் பேரைச் சட்டப்படி அந்த ஊருக்கே சொந்தமாக்குறதுதான் இது. 1999-ல் சட்டம் வந்தது, 2003-ல் நடைமுறைக்கு வந்தது. பதிவு அலுவலகம் நம்ம சென்னையிலதான் இருக்கு. நம்ம மதுரை மல்லிக்கு 2013-லயே கிடைச்சிடுச்சு, காலரைத் தூக்கி விட்டுக்கங்க!

ஆனா சட்டம் வந்தா டூப்பு ஓடிடுமா? 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று பெரிய எழுத்துல பெட்டி அச்சடிக்க, ஸ்ரீவில்லிபுத்தூர் எந்தத் திசையில இருக்குன்னுகூட தெரிய வேண்டியதில்லை. எங்கேயோ பால் பவுடரையும் மாவையும் போட்டுக் கிண்டி, அந்தப் பெட்டியில அடைச்சா முடிஞ்சது. பாலைச் சுண்ட வைக்க வேண்டாம், 8 கிலோ தண்ணியை ஆவியாக்க வேண்டாம், விறகு மிச்சம், ஆள் கூலி மிச்சம். விலையும் கம்மியா வெச்சு விக்கலாம். நாம அதை வாங்கி ஊருக்குக் கொண்டு போய், 'வில்லிபுத்தூர் கோவான்னா இவ்வளவுதானா?' என்று சலிச்சுக்குவோம். காசு நமக்குப் போகுது, மானம் அந்த ஊருக்குப் போகுது.

மாவு கலந்திருக்கான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, பிளஸ் ஒன் லேப்ல பண்ணினதுதான். கொஞ்சம் கோவாவை எடுத்து தண்ணியில கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, ரெண்டு சொட்டு அயோடின் விடுங்க. நீலமா மாறினா, நீங்க சாப்பிட்டது கோவா இல்லை, மாவு உருண்டை! இந்தச் சோதனைக்கு அப்புறம் அதைச் சாப்பிடாதீங்க, குப்பையில போடுங்க. இது நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை. ஆனா எங்க ஹாஸ்டல் பசங்களை நினைச்சுச் சொல்றேன்.

ஆண்டாளும் பாலும்

வில்லிபுத்தூர் வரைக்கும் வந்துட்டு ஆண்டாளைப் பார்க்காம போனா அம்மா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. 11 நிலை கோபுரம், 190 அடிக்கு மேல உயரம். தமிழக அரசு முத்திரையில இருக்கிறது எங்க கோபுரம்தான் என்று இந்த ஊர்க்காரங்க சொல்லுவாங்க. இல்லை, அது மீனாட்சி கோயில் மேலக் கோபுரம் என்று சொல்ற கட்சி மதுரையில இருக்கு. இந்தப் பஞ்சாயத்தை இந்த ஊர்ல நின்னுக்கிட்டு கிளப்பாதீங்க. நாங்க ஆறு பேருக்குள்ள கிளப்பினதுக்கே கைடு எங்களை முறைச்சான்.

பன்னிரண்டு ஆழ்வார்கள்ல ஒரே பெண் ஆண்டாள். தான் சூடிப் பார்த்த மாலையைப் பெருமாளுக்குக் கொடுத்தவள். சித்திரைத் திருவிழாவுல நம்ம கள்ளழகர் வைகையில இறங்குறதுக்கு முன்னாடி போட்டுக்கிற மாலை, ஆண்டாள் சூடிக் களைஞ்சு இங்க இருந்து வர்றதுதான். ஆக மதுரைக்கும் இந்த ஊருக்கும் பஸ் ரூட்டுக்கு முன்னாடியே பூ ரூட் இருந்திருக்கு. ஆண்டாள் கையில இருக்கிற கிளி இலைகளாலயே செய்யறது, தினமும் புதுசு. கவனிச்சுப் பாருங்க.

பால் விஷயத்துக்கு வர்றேன். திருப்பாவை 30 பாட்டு. ரெண்டாவது பாட்டுல நோன்புக்காக நெய்யும் வேண்டாம், பாலும் வேண்டாம் என்று விரதம் ஆரம்பிக்குது. 27-வது பாட்டுல நோன்பு முடியுது. எதோட? நெய் கை வழியா ஒழுக ஒழுக, எல்லாரும் கூடி உட்கார்ந்து சாப்பிடுற பால்சோறோட! பால்கோவா இந்த ஊருக்கு எப்போ வந்திருந்தாலும் சரி, பாலோட அருமை தெரிஞ்ச ஊரு இதுன்னு அந்தப் பாட்டே சாட்சி.

மாட்டுக்கு ஏதுப்பா சனி, ஞாயிறு?

சாயங்காலம் வத்திராயிருப்பு பஸ். முக்கால் மணி நேரம். மலை கிட்ட வர வர, நெல்லு வயலும் தென்னந்தோப்புமா கண்ணு குளிர்ந்து போகுது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. மலையில மழை பெஞ்சா பிளவக்கல் அணைக்குத் தண்ணி. தண்ணி இருந்தா புல்லு, வைக்கோல். அது இருந்தா மாடு. மாடு இருந்தாதான் வில்லிபுத்தூர்ல அடுப்பு எரியும். பஸ்ல பார்த்த அந்த நீலக் கோடுதான் கோவாவோட முதல் பாய்லர்னு வெச்சுக்கங்க. இந்த மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமா ஆச்சு, 2021-ல் மேகமலையோட சேர்த்துப் புலிகள் காப்பகமாவும் ஆச்சு. உள்ளே போகணும்னா வனத்துறை அனுமதி கேட்டுக்கிட்டுப் போங்க. இஷ்டத்துக்கு நுழைஞ்சிடாதீங்க.

நண்பன் வீட்டுல மூணு மாடு. விடியக்காலை நாலரை மணிக்கு ஏதோ சத்தம் கேட்டு எழுந்து பார்த்தா, அவங்க அம்மா தொழுவத்துல. சாணி அள்ளி, கூட்டி, மடியைக் கழுவி, ரெண்டு மாட்டைக் கறந்து முடிச்சிருந்தாங்க.

'அம்மா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை!'

'மாட்டுக்கு ஏதுப்பா சனி, ஞாயிறு? தீவாளி அன்னைக்கும் கறக்கணும், எழவு வீடுன்னாலும் கறந்துட்டுத்தான் போகணும்.'

ஆறு மணிக்கு கேனைத் தூக்கிக்கிட்டு பால் சொசைட்டிக்கு நாங்களும் போனோம். சைக்கிள்ல, டூவீலர்ல, இடுப்புல தூக்குவாளியோட ஒரு ஊரே வரிசையில நிக்குது. சின்னக் கிண்ணத்துல சாம்பிள் எடுத்து மெஷின்ல வைக்கிறாங்க. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு இல்லாத மத்த சத்து எவ்வளவுன்னு நம்பர் வருது. அந்த நம்பர்தான் விலை. மழை இல்லாம பச்சைப் புல்லு குறைஞ்சா நம்பர் குறையும். மாடு சினையாகி கறவை வத்தினா கொஞ்ச மாசத்துக்கு நம்பரே கிடையாது, தீவனச் செலவு மட்டும் உண்டு.

நண்பனோட செமஸ்டர் ஃபீஸ், ஹாஸ்டல் மெஸ் பில், அவன் கையில இருக்கிற செல்போன், எல்லாமே அந்த வரிசையில இருந்து வந்ததுதான். மூணு வருஷமா கூடப் படிக்கிறோம், அவன் சொன்னதே இல்லை. 'இதுல என்னடா சொல்றதுக்கு இருக்கு?' என்றான்.

அம்மாகிட்ட கேட்டோம், 'இவன் வேலைக்குப் போயிட்டா மாட்டை யாரும்மா பார்த்துக்குவா?'

'வித்துருவேன்' என்றாங்க, யோசிக்காம. 'முட்டி வலிக்குது தம்பி. இவன் சென்னையில ஏசி ரூம்ல உட்காரணும்னுதான இத்தனை மாட்டையும் கட்டி அழுதேன். அப்புறம் எதுக்கு?'

திரும்பி வரும்போது அந்த வரிசையை மறுபடியும் கவனிச்சுப் பார்த்தேன். நம்ம வயசுக்காரங்க ரொம்பக் கம்மி. அந்த ஒரு ஊர் வரிசையை வெச்சு நான் பெரிய தத்துவம் எதுவும் சொல்லப் போறதில்லை. அவங்க பசங்க படிக்கணும்னு ஆசைப்பட்டது தப்பும் இல்லை. ஆனா பேருக்குக் காப்பு வாங்கிட்டோம், பெட்டிக்குக் காப்பு வாங்கிட்டோம், அந்த விடியக்காலை நாலரை மணிக்கு யாரு காப்பு? ஒரிஜினல் கோவாவுக்கு ஒரிஜினல் விலை கொடுத்து வாங்குற ஆளு கூடினா, அந்த வரிசைக்கு வர்ற காசும் கூட வாய்ப்பு உண்டு. டூப்புப் பெட்டியை வாங்குற ஒவ்வொரு தடவையும், அந்த வரிசையில ஒருத்தர் குறையுறதுக்கு நாமளும் கை கொடுக்கிறோம். எனக்குத் தோணினது இவ்வளவுதான்.

உலகச் சாக்லேட்டுக்கும் இதே கதைதான். உலகத்துக் கோகோவுல பாதிக்கு மேல ஐவரி கோஸ்ட், கானா ரெண்டு நாட்டுல இருந்து வருது. அங்கே விளைச்சல் விழுந்ததும் 2024-ல் ஒரு டன் கோகோ 10,000 டாலரைத் தாண்டிடுச்சு. எந்த இனிப்பா இருந்தாலும், அதுக்குப் பின்னாடி விடியக்காலையில எழுந்திருக்கிற யாரோ ஒருத்தர் இருக்கார். சாக்லேட்டுல அவர் ரொம்பத் தூரம், நமக்குத் தெரியாது. வில்லிபுத்தூர்ல அவர் முக்கால் மணி நேர பஸ் தூரம். போய்ப் பார்த்துட்டு, காப்பியும் குடிச்சிட்டு வரலாம்.

ஞாயிறு ஸ்பெஷல்: கோவில்பட்டி

ஞாயிறு ஒரு சுத்து சுத்திக்கிட்டு மதுரை வர்றதுதான் பிளான். வில்லிபுத்தூர்ல இருந்து சிவகாசி, சாத்தூர் வழியா கோவில்பட்டி. பாலுக்கு பை சொல்லிட்டு கடலைக்கு ஹாய்! சாத்தூர்ல இறங்கினா வெள்ளரிக்காயும் காராச்சேவும் கட்டாயம். ரெண்டு நாளா இனிப்புல ஊறின நாக்குக்கு அந்தச் சேவு ஒரு ரீஸ்டார்ட் பட்டன்.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு. இது கரிசல் பூமி. மழையை நம்பின கறுப்பு மண்ணு. அந்த மண்ணுல விளையற நிலக்கடலை, வெல்லப் பாகு, இங்க வர்ற தாமிரபரணித் தண்ணி, இது மூணும் சேர்ந்த ருசின்னு பெருமையா சொல்றாங்க. கடலையை வறுத்து, தோல் நீக்கி, ரெண்டா உடைச்சு வெச்சுக்கிறாங்க. வெல்லத்தைக் காய்ச்சிப் பதம் பார்க்கிறது சூப்பர் சீன். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணியில விட்டு எடுத்தா, 'டக்'குன்னு கண்ணாடி மாதிரி உடையணும். இழுத்தா இன்னும் பதம் வரலை. உடைஞ்ச மறு நொடி கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில ஊத்தி, உருட்டித் தட்டையாக்கி, சூடு ஆறுறதுக்குள்ள துண்டு போட்டுடணும். ஒரு நிமிஷம் லேட்டானாலும் கத்தி இறங்காது.

சாக்லேட் 34 டிகிரியில உருகும். இது 40 டிகிரியிலயும் சட்டைப் பையில சமர்த்தா உட்கார்ந்திருக்கும். வெயில் ஊருக்கு வெயில் ஊர்க்காரன் செஞ்ச சாக்லேட் பார் இதுதான்! வெளிநாட்டுல பீனட் பார்னு பளபள காகிதத்துல சுத்தி விக்கிறதுக்கு இது சொந்தக்காரன்.

அங்க இருந்து நாலு வழிச் சாலையில மதுரைக்கு சுமார் நூறு கிலோமீட்டர். வழியில விருதுநகர்ல இறங்கி எண்ணெய் புரோட்டா சாப்பிடுறதும் சாப்பிடாததும் உங்க வயித்தோட கெப்பாசிட்டியைப் பொறுத்தது. நாங்க இறங்கினோம்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* பால்கோவா வாங்கும்போது 'எப்போ செஞ்சது?' என்று கேளுங்க. பெட்டியில தேதி பாருங்க. சில நாளைக்குள்ள சாப்பிட்டுடணும். ஹாஸ்டலுக்கு வாங்கினா அந்தக் கவலை வேண்டாம், பத்து நிமிஷம்கூட தாங்காது.

* சூடான கோவாவை உடனே மூடி வைக்காதீங்க. ஆவி உள்ளேயே தண்ணியாகி, சீக்கிரம் கெட்டுடும். ஆறினதும் மூடுங்க.

* கோயிலுக்கு முதல்ல போயிடுங்க. மதியம் நடை சாத்திடுவாங்க. கோவா மதியமும் கிடைக்கும்.

* அடுப்படியைப் பார்க்க ஆசைன்னா மரியாதையா கேளுங்க. வேலை நடக்கும்போது குறுக்க நின்னு செல்ஃபி எடுக்காதீங்க. கொதிக்கிற பால், பாஸ்!

* இருக்கிறதுலயே விலை கம்மியான பெட்டியைப் பார்த்தா கொஞ்சம் யோசிங்க. 10 லிட்டர் பாலுக்கு மூணேகால் கிலோ கோவாங்கிற கணக்கை மனசுல போட்டுப் பாருங்க. ஒரு கிலோ கோவாவுக்கு மூணு லிட்டர் பால்! பால் விலையே அதை விட அதிகமா வந்தா, உள்ளே இருக்கிறது என்னவா இருக்கும்?

* லேப்ல அயோடின் எடுக்கும்போது அட்டெண்டர் அண்ணன்கிட்ட சொல்லிட்டு எடுங்க.

கொடைக்கானல் எங்கேயும் போயிடாது, இ-பாஸ் எடுத்துக்கிட்டு இன்னொரு நாள் போகலாம். இந்த வாரம் வில்லிபுத்தூருக்கு விடுங்க வண்டியை. உங்க கிளாஸ்லயும் கடைசி பெஞ்சுல ஒருத்தன், எந்த ஊருன்னு கேட்டா 'சின்ன ஊருடா, உனக்குத் தெரியாது' என்று பேச்சை மாத்துவான் பாருங்க. அவனைப் பிடிங்க. அவனைத்தான் கைடா கூட்டிக்கிட்டுப் போகணும்!